ஹோலோஹோலோ

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வெண்டல் சொன்னான்: "மிர்னா, நான் ஹோலோஹோலோ போயிட்டு வரேன்."

தலையில் ஷாம்பூ நுரையோடு மிர்னா தண்ணீரை நிறுத்தினாள். எங்கே என்று கேட்பதற்குள் அறைக்கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து பார்த்தாள். அவன் செல்போன் கட்டிலில் கிடந்தது. பர்ஸைக் காணவில்லை.

சும்மா காலாறச் சுற்றிவிட்டு வருகிறேன் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஹவாய்த் தீவுகளில் எல்லோரும் சொல்வதுதான். வெண்டலின் அப்பா மீன் பிடிக்கிறவர். மீன் பிடிக்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் மீனுக்குக் காது கேட்டுவிடும் என்று அந்த ஆட்களுக்கு ஒரு பயம். அதனால் தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டே "ஹோலோஹோலோ போறேன்" என்பார்கள். வெண்டல் அப்பாவிடமிருந்து படகை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டான். ஹொனலூலுவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாக நடந்த சூதாட்ட அறைக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போவான். அப்பா எங்கே என்று மகள் கேட்டால் மிர்னாவும் அதையே சொன்னாள். காலப்போக்கில் அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இல்லாமல் போயிற்று.

இந்த லாஸ் வேகஸ் பயணம் முழுக்க அவன் அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்று கடைசி நாள். மகள் ராய்லின் மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வருகிறாள். இன்றைக்குப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஈரத் தலையோடு சட்டையை மாட்டிக்கொண்டு மிர்னா லிப்ட்டுக்கு ஓடினாள்.

அவர்களுக்கு இனிமேல் தங்க வீடு கிடையாது. சொந்த வீடு எப்போதோ போய்விட்டது. எப்படிப் போனது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாடகை வீட்டை இந்த மாதத்தோடு காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள், கட்டடத்தை விற்கப்போகிறார்களாம். ஹொனலூலுவில் அவர்களுடைய பென்ஷனுக்குக் கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது. ராய்லின் வீட்டில் பின்பக்கம் ஒரு அறை காலியாக இருந்தது. மிர்னா போனில் கேட்டபோது அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் நர்ஸாக இருக்கிறவள், யாரிடமும் குழைந்து பேசிப் பழக்கமில்லை.

"நான் பால் வாங்குற கடையில சூதாட்ட மெஷின் இருக்கு," என்றாள். "பெட்ரோல் போடற எடத்துல இருக்கு. ப்ளேன விட்டு எறங்கினா, பெட்டி எடுக்கப் போறதுக்குள்ளயே இருக்கு. அப்பாவ இங்க கொண்டாந்து வச்சுட்டு நான் எதப் பூட்டி வைக்கிறது? மொதல்ல லீவுக்கு வர மாதிரி வாங்க. எப்பவும் தங்குற ஹோட்டல்லயே தங்குங்க. நல்லா சாப்பிடுங்க, சுத்துங்க. ஒரு பட்டனக்கூடத் தொடாதீங்க. ரெண்டு பேரும். அப்புறம் அந்த ரூமப் பத்திப் பேசலாம்."

"நான் என்னைக்குடி தொட்டேன்?"

"நீ தொடலம்மா. நீ மூடி வச்ச."

அந்த வார்த்தையை மிர்னா விமானத்தில் கடல் தாண்டும்வரை மென்றுகொண்டிருந்தாள்.

சூதாடாமல் விடுமுறையைக் கழிப்பது என்றால் அந்த ஊரில் அது ஒரு முழுநேர வேலை. நகரின் பழைய பகுதியில் இருந்த அந்த ஹோட்டலுக்கு ஹவாய்க்காரர்கள்தான் பாதிப் பேர் வருவார்கள். மாட்டுவால் சூப் கிடைக்கும், காலையிலேயே சோறு கிடைக்கும். ஆனால் சூப்புக்குப் போக மெஷின்களைத் தாண்ட வேண்டும். நீச்சல்குளத்துக்குப் போகவும் தாண்ட வேண்டும். மிர்னா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நடத்திப்போவாள், கண் தெரியாதவனை நடத்திப்போவது மாதிரி. அவன் தலையைக் குனிந்து தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே வருவான். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய அணையைப் பார்த்தார்கள். சிவப்புப் பாறைகளைப் பார்த்தார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்திருந்த பூக்களைப் பார்த்தார்கள். வாசலில் நீரூற்று இசைக்கேற்ப ஆடுவதைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறதா என்று அவள் ஒவ்வொரு இடத்திலும் கேட்டாள். "கம்பளம் நல்லாருக்கு," என்றான் ஒரு தடவை. "நம்ம ஹோட்டல்ல கொடி போட்டது. இங்க மயில் இறகு. நேத்துப் போன எடத்துல வட்டம் வட்டமா. எல்லாம் பாத்தாச்சு மிர்னா, ஊர்ல இருக்கற கம்பளம் எல்லாம் பாத்தாச்சு." அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது அவன் விரல்கள் மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தன. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்று அவனே சொன்னான். வேண்டுமானால் பின்னல் ஊசி வாங்கித் தருகிறேன் என்றாள்.

கீழ்த்தளத்தில் லிப்ட் திறந்ததும் அந்த இரைச்சல் முகத்தில் அடித்தது. மிர்னா வரிசை வரிசையாகத் தேடினாள். 'இருபத்தொன்று' என்ற சீட்டாட்டம் நடக்கும் மேஜைகளைப் பார்த்தாள், அவனுக்கு அதுதான் பிடிக்கும். பகடை மேஜையைச் சுற்றி நின்றவர்களின் முதுகுகளைப் பார்த்தாள். பாதிப் பேர் பூப்போட்ட ஹவாய்ச் சட்டைதான். வழுக்கையும் பூப்போட்ட சட்டையுமாகத் தெரிந்த முதுகு ஒவ்வொன்றும் அவனாக இருந்தது, திரும்பினால் வேறு யாரோவாக இருந்தது. ஒரு முதுகைத் தொட்டே விட்டாள். தெருவைத் தாண்டி எதிர் ஹோட்டலுக்குப் போனாள். அதற்கு அடுத்ததற்கும் போனாள். குதிரைப் பந்தயம் ஓடும் டிவிகளுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஆட்களின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். இவ்வளவு வருஷத்தில் அவனை இப்படித் தேடிப்போனதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பாள். வந்ததும் சாப்பாடு சூடு பண்ணிக் கொடுப்பாள்.

திரும்பித் தங்கள் ஹோட்டலுக்கே வந்தபோது மூச்சு வாங்கியது. இடது முழங்கால் மடங்க மறுத்தது. அவன் எங்கே போயிருந்தாலும் அறைக்குப் போக லிப்ட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அங்கே நின்று பார்த்தால் போதும். ராய்லின் வருவதற்குள் அவனைப் பிடித்துவிட்டால் முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கிவிடலாம். இதை நினைத்ததுமே அவளுக்குத் தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் அதைத்தான் செய்யப்போகிறாள் என்பதும் தெரிந்தது.

உட்கார இடம் இல்லை. அந்தக் கட்டடம் முழுக்க ஒரு பெஞ்சு கிடையாது, ஒரு திண்டு கிடையாது. நாற்காலி என்றால் மெஷினுக்கு முன்னால்தான். லிப்ட்டைப் பார்த்தமாதிரி இருந்த கடைசி மெஷினின் நாற்காலியில் அவள் பக்கவாட்டில், முதுகை மெஷினுக்குக் காட்டி உட்கார்ந்தாள்.

குளிர்பானத் தட்டோடு வந்த பணிப்பெண் லுவானா அவளைப் பார்த்ததும் நின்றாள். அவளும் தீவுக்காரிதான், ஹிலோ ஊர். முதல் நாளே மிர்னா அவளிடம் பேச்சுக் கொடுத்து, யார் வீட்டுப் பெண், எந்தப் பள்ளிக்கூடம் என்பது வரைக்கும் விசாரித்துப் பழகியிருந்தாள்.

"ஆன்ட்டி, விளையாடாதவங்க இங்க உக்காந்தா செக்யூரிட்டி எழுப்பிவிடுவான். அதோ, அந்தப் புதுப் பையன் ரொம்பக் கறார்."

"கால் வலிக்குதும்மா. அங்கிள் வர வரைக்கும்தான்."

"அப்ப ஒரு நோட்ட உள்ள போட்டு வச்சுக்கோங்க. அழுத்தவே வேணாம். போகும்போது எடுத்துக்கலாம்."

மிர்னாவின் கைப்பையில் ஒரு நோட்டு இருந்தது. அது அவளுடையது இல்லை. பக்கத்து வீட்டு எடித், ஊருக்குக் கிளம்பும்போது டிஷ்யூ காகிதத்தில் சுற்றி அவள் உள்ளங்கையில் அழுத்தியது. தீவில் யார் லாஸ் வேகஸ் போனாலும் இப்படி நாலு பேர் கொடுப்பார்கள், எனக்காக ஒரு தடவை போடு என்று. எடித்துக்கு முட்டி தேய்ந்துபோய் இனி விமானம் ஏற முடியாது. வேண்டாம் என்று சொன்னால் மூஞ்சியில் அடித்த மாதிரி. போடாமல் திருப்பிக் கொடுத்தால் அதைவிட மோசம். போட்டேன் போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு, அந்த நோட்டுக்குப் பதிலாகச் சாக்லேட் வாங்கிக் கொடுப்பது என்று மிர்னா முடிவு செய்திருந்தாள். வெண்டலிடம் இதைச் சொல்லவில்லை.

டிஷ்யூவைப் பிரித்தாள். நம் கணக்கில் இது வராது, எடித்தின் கணக்கு என்று நினைத்துக்கொண்டாள். நோட்டை மெஷின் உறிஞ்சிக்கொண்டது. திரையில் சங்கும் முத்தும் ஆமையும் மினுங்கின.

செக்யூரிட்டி பையன் வந்து நாலடி தள்ளி நின்றான். அவளையே பார்த்தான். அவள் லிப்ட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பட்டனை ஒரு தடவை அழுத்தினாள். அவன் நகர்ந்து போனான். ஆமைகள் சுழன்று நின்றன. ஒன்றும் விழவில்லை. லிப்ட் திறந்தது, வெண்டல் இல்லை. மறுபடி அழுத்தினாள். பையன் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக. அப்புறம் இரண்டு சங்கு விழுந்து மூன்றாவது கொஞ்சத்தில் தப்பியது, அதனால் இன்னொரு தடவை. எடித்துக்காகத்தானே, அவளுக்குத்தான் முட்டி சரியில்லையே. முத்து. ஆமை. முத்து.

லுவானா ஒரு கிளாஸ் ஜூஸ் வைத்துவிட்டுப் போனதை அவள் பார்க்கவில்லை. முழங்கால் வலி நின்றுபோயிருந்தது. எத்தனை தடவை லிப்ட் திறந்து மூடியது என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் இப்போது மெஷினைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு திரை முழுக்க ஆமையாக வந்து நின்றது. மெஷின் தலையில் இருந்த விளக்கு சுழன்று சுழன்று எரிந்தது. மணி அடித்தது. பட்டனை அழுத்தினாள், வேலை செய்யவில்லை. நிறைய விழுந்தால் மெஷின் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து கையில் கொடுத்தால்தான் திறக்கும். நகராதீங்க ஆன்ட்டி, எழுந்து போனா உங்களுதுன்னு நிரூபிக்கிறது கஷ்டம் என்று பக்கத்து நாற்காலிக்காரன் சொல்லிவிட்டு, பொறாமையில் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டான்.

நகர முடியாமல் அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ராய்லின் வந்தாள். அந்த மணிச்சத்தம் கேட்கிற பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மிர்னாவுக்குச் சட்டென்று நூறு பொய் வாயில் வந்து நின்றது. ராய்லின் பக்கத்தில் வந்து, மேலே எரிந்த விளக்கையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடே வந்திருந்தாள். கோபப்படுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்பா எங்க?"

தூங்குகிறான். பேப்பர் வாங்கப் போயிருக்கிறான். தலைவலி, மருந்துக்கடைக்குப் போயிருக்கிறான். எல்லாம் நன்றாகவே வந்திருக்கும், அவளுக்கு அனுபவம் இருந்தது. ஆனால் அன்றைக்கு, என்ன காரணமோ, வாய் உண்மையைச் சொன்னது.

"ஹோலோஹோலோ போறேன்னுட்டுப் போனான். தேடிட்டேன். எங்கயும் காணோம்."

ராய்லின் மூக்கால் சிரித்தாள். "அந்த வார்த்தைய எத்தன வாட்டி எங்கிட்ட சொல்லியிருப்ப? ஸ்கூல் முடிச்ச அன்னிக்கு எல்லாரும் கழுத்து கொள்ளாம மாலை போட்டுக்கிட்டு நின்னோம், அப்பவும் அதான் சொன்ன. எனக்கு நல்லாத் தெரிஞ்ச மொதல் பொய்யே அதாம்மா."

"இது பொய் இல்லடி."

"இதுவும் பொய் இல்லையா?" மெஷினைக் காட்டினாள்.

"எடித் குடுத்த நோட்டு. கால் வலிச்சுது. உக்கார எடமில்ல..."

"நோட்டு யாரோடதா இருந்தா என்ன? வெரல் உன்னுது."

ராய்லின் கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றாள். சாயங்கால விமானத்துக்குத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். குரல் தணிந்திருந்தது, நோயாளிகளிடம் கெட்ட சேதி சொல்லும்போது அப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது. விமானம் இறங்கி எங்கே போவது என்று மிர்னா கேட்கவில்லை.

ரப்பர் செருப்பு கீச்கீச்சென்று வரும் சத்தம் முதலில் கேட்டது. முழங்கால்வரை பேன்ட்டை மடித்துவிட்டு, செருப்பெல்லாம் சேறாக வெண்டல் வந்தான். கையில் ஹோட்டல் அறையில் அழுக்குத் துணி போடுவதற்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தரைவிரிப்பின் கொடிகள்மேல் தண்ணீர் சொட்டியது.

"ரூமெல்லாம் தேடிட்டு வரேன். இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

பை துள்ளியது. உள்ளே மீசையோடு ஒரு கெளுத்தி மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பஸ் டிரைவரிடம் கேட்டுப் போனானாம். ஏதோ பூங்காவில் ஒரு குளம், அரசாங்கமே லாரியில் மீனைக் கொண்டுவந்து விடுகிற குளம். ஃபிலிப்பினோ கிழவர் ஒருவர் இவன் சட்டையைப் பார்த்து ஹவாயா என்று கேட்டு, தன் இரண்டாவது தூண்டிலைக் கொடுத்தாராம். குளத்து மீனுக்கு மூளையே இல்லை, இழுத்தால் நாய்க்குட்டி மாதிரிக் கூடவே வருகிறது என்றான்.

"மொதல் தடவையா மக வீட்டுக்குச் சாப்பிடப் போறோம். வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?" என்றான்.

"சொல்லிட்டுப் போறதுக்கென்ன?" என்றாள் மிர்னா.

"சொன்னேனே, ஹோலோஹோலோ போறேன்னு. மீன் புடிக்கப் போறேன்னு வாயத் தொறந்தா சொல்லுவாங்க?"

ராய்லின் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தியிருந்தாள். வெண்டல் அப்போதுதான் மெஷினைப் பார்த்தான். திரை நிறைய ஆமைகளை. சுழலும் விளக்கை. அவன் முகத்தில் இருந்த குளத்து வெயில் அப்படியே வடிந்து போனதை மிர்னா பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். வீடு கைவிட்டுப் போன வருஷம் முழுக்க அந்த முகத்தோடுதான் குடும்பம் நடத்தினாள்.

"யாரோடது?" என்றான்.

"எடித்தோடது."

"அப்ப ஆள் வர வரைக்கும் இருக்கத்தான் வேணும்." சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ராய்லின் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். அவன் மீன் பையைக் காலுக்கிடையில் வைத்தான். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டான், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகிற பையன் மாதிரி. கண்ணைத் தரைக்கு இறக்கிக் கம்பளத்தைப் பார்த்தான். பை துள்ளியது. ஒரு கை தானாக வெளியே வந்தது, பிறகு மறுபடி உள்ளே போனது.

கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். வாழ்த்துச் சொன்னாள், அடையாள அட்டையைப் பார்த்தாள், பணத்தை மிர்னாவின் கையில் வைத்தாள். ஒரு சாவியைத் திருகி மெஷினைத் திறந்தாள். மணி நின்றது. ஆமைகள் மட்டும் திரையில் அப்படியே இருந்தன.

"இன்னும் ஒரே ஒரு தடவ அழுத்திடுங்க மேடம்," என்றாள் அந்தப் பெண், சிரித்தபடி. "ஜெயிச்ச படம் அப்படியே நின்னா அடுத்து வரவங்க உக்காரமாட்டாங்க. எல்லாரும் அழுத்திட்டுத்தான் எழுந்திருப்பாங்க. வழக்கம்."

மிர்னா வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரல் நீண்டு பட்டனுக்கு மேலே போய்விட்டிருந்தது. அது போனது அவளுக்குத் தெரியவே இல்லை. இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று உள்ளே ஏதோ முனகியது. அதன் குரல் அவளுக்குப் புதிது. வெண்டலுக்குப் புதிது இல்லை.

அவன் வலது கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ராய்லின் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்தக் கை பட்டனுக்குப் போகவில்லை. மிர்னாவின் மணிக்கட்டைப் பிடித்தது. மீன் நாற்றம் அடித்தது. வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தான்.

"எழுந்திரு," என்றான். அவளைப் பார்க்காமலேயே சொன்னான். "திரும்பிப் பாக்காத. எழுந்திரு."

கோட்டுக்காரி தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கார் நிறுத்தத்தில் ராய்லின் பின்கதவைத் திறந்து விட்டாள். அதைத் திறந்து பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரூம் இருக்கு. பெட்டியெல்லாம் அப்புறம் வந்து எடுத்துக்கலாம். வாசக்கதவு சாவி எங்கிட்டதான் இருக்கும். அப்பாவுக்குக் குடுக்கமாட்டேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "உனக்கும் குடுக்கமாட்டேம்மா. வெளிய போணும்னா எங்கூடத்தான் போணும், ரெண்டு பேரும்."

மிர்னா தலையசைத்தாள். இத்தனை வருஷமும் வெண்டலுக்குக் காவல் இருந்தவள் அவள்தான்.

கார் வெயிலுக்குள் இறங்கியது. மீன் பை அவள் மடியில் இருந்தது. அது இப்போது துள்ளவில்லை. பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் மெஷின் விளக்குகள் தெரிந்தன. அடுத்து ஒரு மளிகைக் கடை, அதற்குள்ளும் தெரிந்தன. இவ்வளவு நாளும் அவை அவள் கண்ணில் பட்டதே இல்லை, வெண்டலின் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் இருந்த வெண்டல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். அவள் வலது கையின் ஆள்காட்டி விரலை இடது கையால் மூடி, மடிமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பார்வையைத் திருப்பி, தன் கைகளைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டான்.